பட்டறைப் பதில்கள்

கேள்வி: பழைய ஸ்பிரேயர் இன்ஜின் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. 28 இன்ச் சைக்கிளில் மாட்டி ஓட்ட முடியுமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: முடியும். குறுவைக்கு மருந்தடித்து மூலையில் போட்ட இன்ஜினை மாட்டி வெண்ணாற்றங்கரையில் ஓட்டியவன்தான் நானும். முதல் நாள் சத்தம் அக்கரைக்குக் கேட்டது, சைக்கிள் நகரவில்லை! காரணம், வேகக் குறைப்பு போதவில்லை. இந்த இன்ஜின் நிமிடத்துக்கு 6,500 சுற்று சுற்றும். 25 கிலோமீட்டர் வேகத்துக்குச் சக்கரம் 190 சுற்று சுற்றினால் போதும். கிட்டத்தட்ட 35-க்கு 1. ஒரே செயினில் நடக்காது. நடுவில் ஒரு ஷாஃப்ட் வைத்து, ஆறுக்கு ஒன்றாக இரண்டு தடவை குறையுங்கள். கிளட்ச் இல்லாவிட்டால் களைவெட்டி இன்ஜினே மேல். அதில் வேகம் ஏறினால் தானே பிடிக்கும் கிளட்ச் உண்டு.

அப்புறம் பிரேக். கம்பி பிரேக்கை நம்பாதீர்கள். மழையில் ரிம் நனைந்ததும் ரப்பர் வழுக்கி, நான் நேரே நாற்றங்காலில் இறங்கினேன். டிரம் பிரேக் போடுங்கள்.

இன்ஜின் 25 சிசி-க்கு மேல் போனால் சட்டப்படி அது மோட்டார் வாகனம். ஸ்பிரேயர் இன்ஜின்கள் பெரும்பாலும் அதைத் தாண்டும். சரி, வயல் வரப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், தம்பி.