காட்ஸில்லாவைக் கெடுத்தது யார்?

அன்புள்ள சார்,

1954இல் வந்த முதல் ஜப்பானிய காட்ஸில்லா படத்தை இப்போதுதான் பார்த்தேன். மனசே சரியில்லாமல் போய்விட்டது. அந்த வேகத்தில் 1965இல் வந்த தொடர்ச்சிப் படம் ஒன்றைப் போட்டால், வேற்றுக்கிரகத்தில் சண்டையை ஜெயித்துவிட்டு காட்ஸில்லா எம்பி எம்பிக் குதிக்கிறது! அணுகுண்டின் துக்கத்தைச் சுமந்து வந்த மிருகத்தைப் பதினோரு வருஷத்தில் கோமாளியாக்கியது கைதட்டிய ரசிகர்கள்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அந்தக் குதி, அப்போது ஜப்பானியப் பிள்ளைகள் விழுந்து விழுந்து ரசித்த ஒரு காமிக்ஸ் பாத்திரத்தின் சேட்டை. பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று அதை விரும்பியவர் தந்திரக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயா. இயக்குநர் இஷிரோ ஹோண்டாவுக்கு அதில் இஷ்டமில்லை. ஆக, தியேட்டருக்குப் போகும் முன்பே எடுத்தவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்திருக்கிறது. பழியை மொத்தமாக ரசிகன் தலையில் கட்டிவிட முடியாது.

முதல் படத்தைப் பார்த்தவர்களின் நிலைமை வேறு. 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய சூரைமீன் படகின்மேல் கொட்டியது. படகின் ரேடியோ ஆபரேட்டர் செப்டம்பரில் இறந்தார். நவம்பர் 3 அன்று படம் வெளியானது. ரயிலில் ஒரு பெண் பேசுவதைக் கவனித்தீர்களா? கதிர்வீச்சு மீன், கதிர்வீச்சு மழை, இப்போது காட்ஸில்லா வேறா, நாகசாகியிலிருந்து தப்பி வந்ததே பெரும்பாடு என்கிற மாதிரி அலுத்துக்கொள்வாள். அழுகையெல்லாம் இல்லை, வெறும் அலுப்பு. அன்றைய டோக்கியோக்காரருக்கு அதற்குமேல் யாரும் எதையும் விளக்கியிருக்க வேண்டாம்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1955 ஏப்ரலில் இரண்டாம் படம் வந்துவிட்டது. ஒசாகாவில் காட்ஸில்லாவும் அங்கிலாஸ் என்ற இன்னொரு மிருகமும் மோதிக்கொள்ளும் படம். முதல் படத்துக்கு 96 லட்சம் டிக்கெட், இதற்கு 83 லட்சம். மோசமில்லை. ஆனாலும் அடுத்த காட்ஸில்லா வர ஏழு வருஷம் ஆயிற்று. முதல் படத்தில் குன்றுக்குப் பின்னாலிருந்து அந்தத் தலை எழும்போது, அது எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் முறை டிக்கெட் எடுப்பவன் அதைப் பார்க்கத்தானே வருகிறான்? அவனை அதே உருவத்தை வைத்துப் பயமுறுத்த முடியாது. பயம் போன இடத்தில் பிரியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1962இல் கிங்காங்கோடு மோதவிட்டபோது 1 கோடியே 12 லட்சம் பேர் வந்தார்கள். ரிகிடோசானின் மல்யுத்தத்தை டி.வி.யில் பார்த்து ஊரே கிறுக்குப் பிடித்திருந்த காலம் அது. நான் அதைச் சீரழிவு என்று சொல்லமாட்டேன்.

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். 1984இல் காட்ஸில்லாவை மறுபடி கொடூரமாக்கி எடுத்தார்கள். 32 லட்சம் டிக்கெட். அடுத்த படத்துக்குக் கதை கேட்டுப் பொதுமக்களுக்கே போட்டி வைத்தார் தயாரிப்பாளர் தொமோயுகி தனாகா. தேர்வானது ஷினிச்சிரோ கொபயாஷி என்ற பல் டாக்டரின் கதை. அதை வைத்து கசுகி ஓமோரி எடுத்த படம் 1989 டிசம்பரில் வந்தது. மகளைக் குண்டுவெடிப்பில் இழந்த விஞ்ஞானி, அவளுடைய உயிரணுக்களை ரோஜாச்செடியில் சேர்க்கிறார். செடி வாடும்போது காட்ஸில்லாவின் உயிரணுவையும் சேர்த்துவிடுகிறார். விளைவு, ஆஷி ஏரியின் நடுவே கட்டடம் உயரத்துக்கு நிற்கும் ரோஜா. அதுதான் பியோலாண்டே.

உளவாளிகள் துரத்திக்கொள்ளும் பகுதி அறுவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு காட்சி. மனோசக்தி உள்ள பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் இடத்தில், என்ன கனவு கண்டீர்கள் என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் தாங்கள் வரைந்த படங்களைச் சிரித்த முகத்தோடு ஒன்றாகத் தூக்கிக் காட்டுகிறார்கள். எல்லாமே காட்ஸில்லா! அது எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதையே ஓமோரி பயமாக மாற்றிவிடுகிறார். தொடர்ச்சிப் படத்தில் மட்டும்தான் இது முடியும்.

இதற்கு விற்ற டிக்கெட் 20 லட்சம். ஜப்பானில் அதே டிசம்பரில் 'பேக் டு த ஃப்யூச்சர்' இரண்டாம் பாகமும் ஓடிக்கொண்டிருந்தது. படங்களைத் தயாரித்த தோஹோ நிறுவனம் எடுத்துக்கொண்ட பாடம், புது மிருகம் போணியாகாது என்பது. 1991இல் பழைய படங்களில் வந்த கிடோரா என்ற மிருகத்தைக் கூட்டிவந்தார்கள், 27 லட்சம். அடுத்த வருஷம் இன்னொரு பழைய மிருகமான மோத்ரா, 42 லட்சம். கணக்கு சரிதான். ஆனால் 2014இல் ஜப்பானில் ஒரு திரைப்பட சேனல் ரசிகர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியபோது, 1954 படத்தையும் தாண்டி முதலிடத்துக்கு வந்தது பியோலாண்டே. தியேட்டரில் தவறவிட்டு வீடியோவில் பார்த்தவர்களாக இருக்கும் என்பது என் ஊகம். வராதவர்களை எண்ணித்தான் தோஹோ முடிவெடுத்தது. வந்த 20 லட்சம் பேர் என்ன நினைத்தார்கள் என்று கேட்டிருக்கலாம்.

எனவே 1965 படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பியோலாண்டேயைப் பார்த்த கையோடு, தொழிற்சாலைக் கழிவிலிருந்து முளைக்கும் ஹெடோரா (1971) படத்தையும் பாருங்கள். அதில் காட்ஸில்லா வாயிலிருந்து நெருப்பைக் கக்கிக்கொண்டே பின்பக்கமாகப் பறக்கும். படத்தைப் பார்த்து தனாகாவே கொதித்துப்போனார். இயக்குநர் பன்னோவுக்கு அப்புறம் ஒரு காட்ஸில்லா படம்கூட இயக்கக் கிடைக்கவில்லை. குதித்ததற்கே இவ்வளவு வருத்தப்பட்டவர் நீங்கள். பறப்பதைப் பார்த்துவிட்டுத் திட்டி எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

அன்புடன்.