கேளுங்கள் சொல்கிறோம்: ரெக்ஸ் குஞ்சும் புள்ளிக் கணக்கும்

கல்லடி வாசகர்: டைனோசர்களைப் பழக்கி வளர்க்கும் ‘ஆர்க்: சர்வைவல் இவால்வ்ட்’ கணினி விளையாட்டில் என் ஆண் ரெக்ஸ் டைனோசருக்குக் கிடைத்த லெவல் முழுவதையும் அடிபலத்தில்தான் போட்டேன். குஞ்சுகளின் அடிபலம் தகப்பனுக்குக் கிட்டவும் வரவில்லையே?

பதில்: நீங்கள் ஏற்றிய லெவல் பிள்ளைக்கு இறங்காது. காட்டில் இருந்தபோது இருந்த புள்ளியும், பழக்கும்போது கிடைத்த போனஸும்தான் இறங்கும். 150 லெவல் ரெக்ஸைக் குறையில்லாமல் பழக்கினால் 75 சேர்ந்து 225. முதுசம் அவ்வளவுதான். ஆகவே பழகிய கையோடு, ஒரு லெவலும் ஏற்றாமல், உயிரையும் அடிபலத்தையும் கொப்பியில் எழுதுங்கள்.

ஒவ்வொரு குணத்திலும் பெற்றோரில் கூடியதை எடுக்க 55 வீதம், குறைந்ததை எடுக்க 45 வீதம் வாய்ப்பு. தாயின் உயிரும் தகப்பனின் அடியும் ஒரே குஞ்சில் சேர்வது பத்தில் மூன்று முறைதான். அப்படி ஓர் ஆணும் பெட்டையும் கிடைக்கும்வரை மியூட்டேசனை, அதாவது குஞ்சில் தற்செயலாக விழும் மாற்றத்தை, மறந்துவிடுங்கள். ஒட்சிசன் புள்ளியைத் துரத்துவது வீண் வேலை. ரெக்ஸ் என்ன சுழியோடவா போகிறது?

அக்கரைப்பற்று வாசகர்: நிறம் மாறிய குஞ்சுகளை மட்டும் வைத்திருக்கிறேன். ஆனாலும் பலம் ஏறவில்லை.

பதில்: நிறத்தை நம்பி ஏமாந்திருக்கிறீர்கள். மியூட்டேசன் விழும்போது ஒரு குணத்தில் 2 புள்ளி கூடும், கூடவே ஒரு நிறமும் மாறும். ஆனால் அடுத்த தலைமுறைக்கு நிறம் தனியாகவும் புள்ளி தனியாகவும் இறங்கும். பேரனுக்குச் சிவப்பு முதுகு வரலாம், அந்த 2 புள்ளி வராமலும் போகலாம். சில வேளை கண்ணுக்குத் தெரியாத பகுதியிலும் நிறம் மாறும். எண்ணைப் பாருங்கள்: அமைப்பை மாற்றாத ஆட்டத்தில், உயிரில் விழுந்தால் ரெக்ஸுக்கு 440 கூடியிருக்கும்.

ஒரு முட்டையில் மியூட்டேசன் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 7.3 வீதம், எந்தக் குணத்தில் விழும் என்பதும் அதிர்ஷ்டம். அதனால் மியூட்டேசன் கணக்கு பூச்சியமாக உள்ள பெட்டைகள் பலவற்றைச் சுற்றி வைத்து, ஓர் ஆணை மட்டும் விடுங்கள். பெட்டை மறுபடி சேர 18 முதல் 48 மணித்தியாலம் எடுக்கும். ஆணுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. வேண்டிய குணம் ஏறிய மகன் வளர்ந்ததும் தகப்பனின் இடத்தில் அவனை விடுங்கள். மகளுக்கு ஏறினால் அவளை மியூட்டேசன் இல்லாத ஆணோடு சேர்த்து ஒரு மகனை எடுங்கள். பெட்டைகளை மாற்றவே வேண்டாம். பரம்பரைத் திரையில் ஒரு விலங்கின் மியூட்டேசன் கணக்கு 20ஐத் தொட்டால் அந்தப் பெற்றோர் பக்கத்திலிருந்து புது மியூட்டேசன் வராது. இருபக்கமும் நிரம்பினால் வாய்ப்பே இல்லை. உணவில், ஒட்சிசனில் விழுந்த குஞ்சுகளும் இந்தக் கணக்கைத் தின்னும், அவற்றை ஒதுக்குங்கள். உயிருக்கு ஒரு வரிசை, அடிக்கு வேறொரு வரிசை வைத்து, கடைசியில்தான் இரண்டையும் கலக்க வேண்டும்.

கல்முனை வாசகர்: ஆட்ட அமைப்பில் வளர்ச்சி வேகத்தை 10 மடங்கு ஆக்கினேன். குஞ்சு என்னோடு ஒட்டும் அளவான இம்பிரிண்ட் 100 வீதத்தை எட்டுவதே இல்லை.

பதில்: வழமையில் ரெக்ஸ் வளர 3 நாளும் 20 மணித்தியாலமும் பிடிக்கும், இம்பிரிண்டைக் கூட்டும் கொஞ்சலைக் குஞ்சு கேட்பது 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. உங்கள் ரெக்ஸ் ஒன்பதேகால் மணித்தியாலத்தில் வளர்ந்துவிடுகிறது, அதற்குள் ஒரு கொஞ்சல்தான் நடக்கும். கொஞ்சல் இடைவெளியை 0.1 ஆக்குங்கள், 48 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். முழுதாக இம்பிரிண்ட் ஆனால் குணங்களில் 20 வீதம் வரை கூடும். வளர்த்தவரே ஏறினால் அடியும் தாங்குதிறனும் மேலும் 30 வீதம்.

முட்டைக்கு 32–34 பாகை வேண்டும், நம்மூர் வைகாசி வெயில்தான். குளிர்ந்தாலும் சுட்டாலும் முட்டையின் உயிர் குறையும், ஏசிகளைச் சுற்றி வையுங்கள். பொரித்த குஞ்சு 10 வீதம் வளரும்வரை தீனித் தொட்டியில் தின்னாது. இறைச்சியை அதன் பைக்குள்ளேயே போடுங்கள்.