எத்தனை கட்டை?

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் காட்பாடி, வேலை பெங்களூரில். போன மாதம் நண்பர்கள் அங்கே ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். மேடையில் கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ் என்று நிஜமான குழு. வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம், அவர்கள் வாசிக்கிறார்கள். லைவ் பேண்ட் காரோக்கே என்று பெயர். நானும் ஒரு பாட்டுப் பாடினேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. வேலூரில் இப்படி ஒன்று நடத்தலாமா என்று வீட்டில் கேட்டேன். “அது குடிக்கிற இடத்துப் பழக்கம், நம்ம ஊருக்கு எதுக்கு?” என்றார் அப்பா. நண்பர்களோ, “போனில் ட்ராக் போட்டுப் பாடினால் போச்சு, குழுவுக்கு எதற்குக் காசு?” என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், காட்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

கட்டாயம் நடத்துங்கள்.

அப்பா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. காரோக்கே மதுக்கூடத்தில் பிறந்ததுதான். ஜப்பானில் கோபே நகரத்தில் இனோவே தைசுகே என்றொரு வாத்தியக்காரர். மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாடும்போது கூடவே வாசிப்பது அவர் தொழில். வழக்கமாக வரும் ஒரு முதலாளி, வெளியூர்ப் பயணத்துக்குக் கூட வந்து வாசிக்கச் சொன்னார். இவரால் போக முடியவில்லை. அந்த முதலாளி பாடுகிற விதத்துக்குத் தோதாக வாசித்து, டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அந்த யோசனையில்தான் 1971-இல் காசு போட்டால் பின்னணி இசைக்கிற பெட்டி ஒன்றைச் செய்தார். அதற்கு அவர் காப்புரிமைகூட வாங்கவில்லை. ‘காரா’ என்றால் வெற்று, ‘ஓகே’ என்பது ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம். ஆக, ஆளில்லாத ஆர்கெஸ்ட்ரா.

எனக்கு இந்தக் கதையில் பெட்டியைவிட முக்கியம், பெட்டி வருவதற்கு முன்னால், பாடுகிறவரின் வாயைப் பார்த்துப் பார்த்து வாசித்த அந்த மனிதர். பெங்களூரில் உங்களுக்கு வாசித்தவர்கள் அவருடைய பழைய வேலையைத்தான் செய்தார்கள். நம் பக்கத்திலும் அது காலகாலமாக நடக்கிற வேலை.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடித் திருவிழா, மெல்லிசைக் கச்சேரி. நடுவில் ஊர்க்காரர்கள் ஒரு நெசவாளரை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். ஐம்பது வயது, லுங்கி, தோளில் துண்டு. “எத்தனை கட்டைண்ணே?” என்று, பாடப்போகும் சுருதியைக் கேட்டார் கீபோர்டுக்காரர். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. “சரி, முதல் வரியைச் சும்மா முனகுங்க.” அவர் முனக, இவர் ஒற்றை விரலால் தேடி இரண்டரைக் கட்டையில் வந்து நின்றார். பாட்டு கிளம்பியது. பல்லவி நன்றாகவே வந்தது. இடையிசை முடிவதற்குள், பதற்றத்தில், நெசவாளர் சரணத்தை எடுத்துவிட்டார். கீபோர்டுக்காரர் வாசித்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டார். இடது கையைத் தூக்கி டோலக் பக்கம் ஒரு சைகை. டோலக் சின்னதாக ஓர் உருட்டு உருட்டி, சரணத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது. கீழே இருந்தவர்களில் பலருக்குத் தப்பு நடந்ததே தெரியாது. பாடி முடித்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள். ட்ராக்கின் சுருதியை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நடுவழியில் நீங்கள் தடுக்கினால் அது நிற்காது, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நன்றாகப் பாடத் தெரிந்தவருக்கு அது போதும். முதல்முறை மைக் பிடிக்கிறவருக்குத்தான் கூட ஆள் வேண்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, எனக்கு மனசு வலிக்கிற விஷயம். முன்பெல்லாம் நம் பக்கத்துக் கல்யாண வரவேற்புகளில் மேடை கொள்ளாமல் குழு உட்கார்ந்திருக்கும். இப்போது பல மண்டபங்களில் இரண்டு பாடகர்கள், ஒரு லேப்டாப். எனக்குத் தெரிந்த ஒரு பேஸ் கிட்டார்காரர் ஆற்காட்டில் ஆட்டோ ஓட்டுகிறார். கிட்டாரை விற்கவில்லை. உறையில் போட்டுப் பரணில் வைத்திருக்கிறார், தந்தி துருப்பிடிக்காமல் மாதம் ஒரு தரம் இறக்கித் துடைக்கிறார். நீங்கள் குழுவுக்குக் கொடுக்கிற காசு இவரைப் போன்றவர்களுக்குப் போகிறது. அதை வீண் செலவு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்பாவிடம் கூத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள். வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோவில் பாரதம் என்றால் ஊரே பாயும் தலையணையுமாக வந்து விடிய விடிய உட்காரும். முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் வேஷக்காரரின் மூச்சைப் பார்த்துத்தான் போகும். இந்த ஊர் வெயிலுக்கு ஜனங்கள் வெளியே வந்து நாலு வார்த்தை பேசுவதே பொழுது சாய்ந்த பிறகுதான். இங்கே ராத்திரியைக் குடிக்கு மட்டும் எழுதிக்கொடுத்தது யார்? நல்ல குடும்பங்கள் எட்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டால் மிச்சமிருப்பது பார் மட்டும்தான்.

வேலூருக்கென்றே இன்னொரு காரணமும் உண்டு. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு மாலை நடந்து பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் லாட்ஜ் வாசல்களில் உட்கார்ந்திருப்பார்கள். வாரக்கணக்கில் தங்குகிறவர்கள், மாலையில் போக இடமில்லை. உங்கள் பாட்டுப் பட்டியலில் பத்து இந்திப் பாட்டு, ஐந்து வங்காளிப் பாட்டு சேருங்கள். அவர்களில் ஒருவர் வந்து தன் மொழியில் பாடட்டும்.

நடைமுறைக்கு வருகிறேன். திறந்தவெளி வேண்டாம். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு, மூடிய அரங்கத்துக்கு அந்த விதியில் விலக்கு இருக்கிறது. அப்படியும் பத்துக்குள் முடித்துவிடுவது அக்கம்பக்கத்துக்கு நல்லது. முகூர்த்தம் இல்லாத நாளில் சின்ன மண்டபம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். டீ, சுண்டல் போதும். பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஸ்டாண்டில் வையுங்கள். குழுவுக்கு முன்பணம் கொடுத்து, ஒரு நாளாவது ஒத்திகைக்கு உட்கார வையுங்கள்.

பேஸ் வாசிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஆற்காட்டு நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவருடைய எண்ணைத் தனி மடலில் அனுப்புகிறேன்.