வேர்ப் பவுடரை வாராவாரம் போடலாமா?

மாடித்தோட்டம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கடையில் வாங்கிய பப்பாளிப் பழத்தின் விதைகளை ஜனவரியில் அப்படியே தொட்டியில் போட்டேன். ஒரு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஜிப்ரெலிக் அமிலத்தில் ஊற வைக்கச் சொல்கிறார் நர்சரிக்காரர். அவசியமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பான உறையை நீக்கினீர்களா? முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் அதில் உண்டு. மணலோடு சேர்த்துக் கசக்கி, சல்லடையில் போட்டு, வழுவழுப்பு போகும்வரை கழுவி, நிழலில் உலர்த்துங்கள். பிறகு 24 மணி நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள். இடையில் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

விதைக்குள் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் முளைப்பை நிறுத்தி வைக்கிறது. ஜிப்ரெலின் என்ற இன்னொரு ஹார்மோன் கூடக்கூட அந்தப் பிடி தளர்ந்து, சேமித்த உணவு கரைந்து, வேர்முனை வெளியே வருகிறது. ஜிப்ரெலின் வகையைச் சேர்ந்த ஜிப்ரெலிக் அமிலத்தை வெளியிலிருந்து கொடுப்பது இதைத்தான் முடுக்குகிறது. தூள் கிடைத்தால் 100 மில்லிகிராமைச் சில சொட்டு ஆல்கஹாலில் கரைத்து (வெறும் தண்ணீரில் எளிதில் கரையாது) ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு). அதில் ஓர் இரவு ஊறினால் போதும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 0.001 சதவீதத் திரவம் இலையில் தெளிப்பதற்கானது. கலக்காமல் ஊற்றினாலும் 10 பிபிஎம்தான். லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

அதற்காக அளவைக் கூட்டவும் வேண்டாம். நாற்று வெளுத்து, ஒல்லியாக நீண்டு, சாய்ந்துவிடும். இந்த ஹார்மோன் கண்டறியப்பட்டதே அப்படித்தான்: நெல் நாற்றுகளை அளவுக்கு மீறி நீள வைத்த நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள் என்று 1926இல் ஜப்பானிய விஞ்ஞானி குரோசாவா காட்டினார்.

இன்னொன்று, பெங்களூரின் ஜனவரி இரவுக் குளிர் பப்பாளி முளைக்க ஏற்றதல்ல. பிப்ரவரி கடைசியில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள்.

கேள்வி: குண்டுமல்லிக் குச்சிகளை வேர்ப் பவுடரில் தோய்த்து நட்டேன். பத்து நாளில் தளிர் விட்டது. வேர் நன்றாக வரட்டும் என்று வாராவாரம் அதே பவுடரைக் கரைத்து ஊற்றினேன். ஒரு மாதத்தில் எல்லாம் கருகிவிட்டன.
- வாசகர், விவேக் நகர், பெங்களூரு

பதில்: அந்தத் தளிரை நம்பியதில்தான் கோளாறு தொடங்கியது. குச்சியில் சேமித்திருந்த உணவைக் கொண்டே தளிர் வரும். அப்போது அடியில் வேர் இல்லாமலும் இருக்கலாம்.

வேர்ப் பவுடரில் இருப்பது பெரும்பாலும் ஐபிஏ. இது ஆக்சின் என்ற தாவர ஹார்மோன் வகை. தண்டின் வெட்டுவாயில் புது வேர் முளைவிட ஆக்சின் அதிகம் தேவை. முளைவிட்ட வேர் நீள மிகமிகக் குறைவாகவே தேவை. கூடினால் செடிக்குள் எத்திலீன் என்ற வாயு ஹார்மோனின் உற்பத்தி தூண்டப்பட்டு வேர் குட்டையாகி நின்றுவிடும். வேரை வரவைத்த அதே மருந்தை, வந்த வேரை வளரவிடாமல் தடுக்க வாராவாரம் ஊற்றியிருக்கிறீர்கள். ஒரு தடவை, நடும்போது மட்டும், அவ்வளவுதான்.

மறுபடி நடும்போது: பாதி முற்றிய, 15 சென்டிமீட்டர் குச்சி. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். மொட்டுகளைக் கிள்ளிவிட்டு மேலே இரண்டு இலைகளை மட்டும் விடுங்கள். இலையிலிருந்தும் ஆக்சின் கீழே இறங்கி வெட்டுவாயில் சேரும். குச்சியைத் தலைகீழாக நடக்கூடாது என்பதும் இதனால்தான். பவுடரில் 1,000 பிபிஎம் (0.1 சதவீதம்) போதும், முற்றிய கட்டைக்கான 8,000 பிபிஎம் பவுடர் மெல்லிய குச்சியின் அடியைக் கருக்கிவிடும். டப்பாவுக்குள்ளேயே தோய்க்காமல், கொஞ்சம் தாளில் கொட்டிக்கொள்ளுங்கள். ஈரம் பட்டால் மிச்சம் கெடும். அதிகப்படியைத் தட்டிவிடுங்கள். குழியை முதலில் ஈர்க்குச்சியால் போட்டுவிட்டு நடுங்கள், இல்லையென்றால் பவுடர் மண்ணில் உரசிப் போய்விடும்.

கழுவிய கோகோபீட், மணல் சம அளவு. நிழல். மேலே வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கவிழுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து மெல்ல இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். பலர் இளநீரும் ஊற்றுகிறார்கள். அதிலுள்ள சைட்டோகைனின் என்ற ஹார்மோன் தளிருக்கு உகந்தது, வேர் கிளைப்பதை அடக்கும்.

கேள்வி: லெட்டூஸ் விதை ஏப்ரலில் மட்டும் முளைப்பதில்லையே?
- வாசகி, ஜீவன்பீமா நகர், பெங்களூரு

பதில்: 30 டிகிரியைத் தாண்டினால் லெட்டூஸ் விதையில் அப்சிசிக் அமிலம் குறையாமல் நிற்கும். ஈரத் தாளில் சுற்றி இரண்டு, மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, சாயங்காலம் விதையுங்கள். பல ரகங்களுக்கு வெளிச்சமும் தேவை. மண் போட்டு மூடாமல் மேலாக அழுத்திவிடுங்கள்.