சான்றிதழ் இருந்தும் தகுதியில்லையா?

கேள்வி: விபத்துக்குப் பின் என் இடது கால் வலது காலைவிட 4 செ.மீ. குட்டையாகிவிட்டது. அரசு வழங்கிய மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் வைத்திருக்கிறேன். ஆனால், பாரா தடகளப் போட்டிக்கான வகைப்பாட்டில் 'தகுதியில்லை' என்று கூறிவிட்டார்கள். என் குறைபாட்டை அவர்கள் நம்பவில்லை என்றுதானே பொருள்?

பதில்: நிச்சயமாக இல்லை. தங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த முடிவு தங்கள் குறைபாட்டை மறுப்பதன்று. அரசுச் சான்றிதழ் அன்றாட வாழ்க்கையையும் சலுகைகளையும் கருதி வழங்கப்படுவது. வகைப்பாடோ, ஒருவருடைய குறைபாடு குறிப்பிட்ட விளையாட்டின் அடிப்படைச் செயல்களை, அதாவது ஓடுவதையும் தாண்டுவதையும் எறிவதையும், எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறது.

சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி ஏற்கும் உடல் சார்ந்த குறைபாடுகள் எட்டு: தசை வலுக்குறைவு, மூட்டு அசைவுக்குறைவு, உறுப்பு இழப்பு, கால் நீள வேறுபாடு, குள்ள உருவம், தசை இறுக்கம், ஒருங்கிணைப்பற்ற அசைவு, கட்டுக்கடங்காத அசைவு. இவற்றுள் ஒன்று இருந்தால் மட்டும் போதாது. அந்தந்த விளையாட்டு வகுத்துள்ள குறைந்தபட்ச அளவையும் அது எட்ட வேண்டும். பாரா தடகளத்தில் கால் நீள வேறுபாட்டுக்கான அந்த அளவு 7 செ.மீ. தங்களுக்குத் தடையாக நின்றது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

ஆயினும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. விபத்தில் கால் குட்டையானதோடு நரம்பு பாதிக்கப்பட்டுத் தசை வலுவிழந்திருந்தாலோ, கணுக்கால் மூட்டு மடங்காமல் இறுகிப்போயிருந்தாலோ, அவை தனித்தனிக் குறைபாடுகளாகவே மதிப்பிடப்படும் என்பதால், மருத்துவ ஆவணங்களில் அவை முறையாகப் பதிவாகியுள்ளனவா என்று முதலில் பாருங்கள். நீள வேறுபாட்டை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, வலுவிழந்த தசையைக் குறிப்பிடாமல் விட்டுவிடுவதால் வாய்ப்பை இழப்பவர்கள் இருக்கக்கூடும். வலி எவ்வளவு கடுமையாக இருந்தாலும், அது மட்டும் தகுதிக்குரிய குறைபாடாகாது. வலியோடு வாழ்பவர்களுக்கு இது கொடுமையாகத் தோன்றும் என்பதை நான் உணர்கிறேன். ஆனால் புறநிலையாக அளக்க முடியாத ஒன்றை வைத்துப் போட்டியாளர்களைப் பிரிக்க இயலாது.

குறைந்தபட்ச அளவை எட்டவில்லை என்று ஒரு குழு முடிவு செய்தால், இரண்டாவது குழுவின் மதிப்பீட்டைப் பெறும் உரிமை வீரருக்கு உண்டு. அது நடந்ததா என்று தங்கள் சங்கத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். ஒரு விளையாட்டில் தகுதி இல்லை என்பது பிற விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தாது. ஒவ்வொன்றும் தன் அளவைத் தானே வகுத்துக்கொள்கிறது.

கேள்வி: சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் வீரர்களுக்குப் புள்ளி வழங்குவது எதற்காக?

பதில்: செயல்திறன் மிகக் குறைந்தவருக்கு 1, மிகுந்தவருக்கு 4.5 என வழங்கப்படும். களத்திலுள்ள ஐவரின் கூட்டுத்தொகை சர்வதேசப் போட்டிகளில் 14-ஐத் தாண்டக் கூடாது. இதனால் கடுமையான குறைபாடு உள்ளவரும் அணிக்கு இன்றியமையாதவர் ஆகிறார். அவரை வெளியே அமர்த்திவிட்டு வலுவானவர்களை மட்டும் களமிறக்க எந்தப் பயிற்சியாளராலும் முடியாது.