அண்ணனின் வீடும் அடகில் இருக்கும் நகையும்

கேள்வி: கோத்தகிரியில் தனியார் பள்ளி ஆசிரியை நான். வயது 40. கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். அரவேனுவில் உள்ள தன் இரண்டாவது வீட்டை 45 லட்சத்துக்கு என்னையே வாங்கச் சொல்கிறார் அண்ணன். மாதம் 14,000 வாடகை வருகிறது. வங்கி 8.75 சதவீத வட்டியில் 34 லட்சம் தரும். மீதிக்கு வைப்புநிதி 10 லட்சம் இருக்கிறது, போதாததற்கு நகை வைக்கலாம். ஏற்கெனவே அண்ணனுக்காக வைத்த 4 லட்சம் நகைக்கடனை மூன்று வருடமாக வட்டி மட்டும் கட்டி மாற்றி வைக்கிறேன். வீடு வாங்கினால் வரி குறையும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. வீட்டைவிட அந்த நகைக்கடன்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. 10 சதவீதம் என்று வைத்தாலும் மூன்று வருடத்தில் 1,20,000 ரூபாய் வட்டியாகப் போய்விட்டது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இப்போது மறுபடியும் அவருக்காகவே பெட்டியைத் திறக்கப் போகிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 4 லட்சம். உங்கள் கையிலிருந்து 15 லட்சம் வேண்டும். வைப்புநிதி முழுதும் போய், இன்னும் 5 லட்சத்துக்கு நகை வைக்க வேண்டும். 20 வருடக் கடனுக்குத் தவணை சுமார் 30,000. மொத்த நகைக்கடன் 9 லட்சத்துக்கு வட்டி 7,500. வாடகையில் ஒரு மாதம் ஆளில்லாமல் கிடப்பது, சொத்துவரி, பூஞ்சணம் பிடித்த சுவருக்கு வெள்ளை அடிப்பது எல்லாம் போக மாதம் 11,500 நின்றால் பெரிது. ஆக, மாதாமாதம் 26,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும்.

வரி விஷயத்தில் அண்ணன் சொல்வது பாதிதான் சரி. வாடகையில் சொத்துவரி போக 30 சதவீதம் கழியும், கடன் வட்டியும் கழியும். முதல் வருட வட்டியே 3 லட்சத்தை ஒட்டி வருவதால் வாடகைக்கு வரி இருக்காது. ஆனால் புதிய வரிமுறையில் மிஞ்சும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையில் வருடம் 2 லட்சம் வரை கழிக்கலாம். அதற்காக மாதம் 26,000 கையிலிருந்து கொடுக்க வேண்டுமா?

சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் கொட்டும் என்று யாராவது சொல்வார்கள். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ். 2025 கோடையில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. குடியிருக்க அனுமதி வாங்கிய வீட்டை விடுதியாக நடத்தத் தனி அனுமதி வேறு வேண்டும்.

அண்ணனிடம் நேராகச் சொல்லுங்கள்: "இருக்கும் நகையை மீட்காமல் புதிதாக எதுவும் வைக்க மாட்டேன்." அவருக்குக் கோபம் வரும், வரட்டும். வீட்டுக்காகப் போகவிருந்த அதே 26,000-ஐ மாதாமாதம் நகைக்கடனில் கட்டினால் ஒன்றரை வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். அவர் வாங்கிய பணம்தானே, அவரும் மாதம் ஒரு தொகை தரட்டும்.

அப்புறமும் அந்த வீடு வேண்டும் என்று தோன்றினால், வில்லங்கச் சான்றும் கட்டட அனுமதியும் வாங்கிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருநாள் போய் வீட்டின் பின்பக்கத் தடுப்புச் சுவரையும் பார்த்துவிட்டு வாருங்கள். 2009 நவம்பரில் மண் சரிந்ததை உங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.