கேள்வி பதில்: கடைசிப் பறப்புக்குப் போகலாமா?

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் 2025 ஜூலை 26-ம் தேதி புது முனையம் திறந்ததிலிருந்து விமானம் பற்றிய கடிதங்கள் கூடிவிட்டன. அவற்றில் ஒரு கட்டு முழுக்க ஒரே விஷயம்: ஒரு ரக விமானம் ஓய்வு பெறும்போது நடக்கும் வழியனுப்பு. இந்த இதழ் அந்தக் கட்டுக்கு.

அண்ணாச்சி, எங்க வாப்பா 1983-ல் பம்பாயிலிருந்து குவைத்துக்கு ஏர் இந்தியா ஜம்போவில் போன டிக்கெட் பெட்டியில் கிடக்கு. எந்த விமானம்னு கண்டுபிடிக்க முடியுமா? – வாசகர், மேலப்பாளையம்

டிக்கெட்டை வைத்து மட்டும் முடியாது. அந்தக் காலத்துச் சிவப்புக் கார்பன் டிக்கெட்டில் பறப்பு எண், தேதி, வகுப்பு இருக்கும். விமானத்தின் பதிவெண் இருக்காது. முதலில் அது ஜம்போதானா, அதாவது போயிங் 747-தானா என்று உறுதி செய்யுங்கள். அப்போது ஏர் இந்தியாவிடம் போயிங் 707-ம் இருந்தது, ஏர்பஸ் ஏ300-ம் இருந்தது. "உள்ளே ரெண்டு நடைபாதை இருந்ததா?" என்று கேட்டால் போதாது, ஏ300-லும் இரண்டுதான். இரண்டு நடைபாதை, இறக்கையில் நாலு எஞ்சின், மாடிக்கு ஏற வளைந்த படி: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் போயிங் 747.

வீட்டில் புகைப்படம் இருந்தால் வேலை சுலபம். உடம்பின் பின்பகுதியில் 'விடி' என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். ஏர் இந்தியா தன் 747-களுக்குப் பேரரசர்கள் பெயரை வைத்தது. அதில் ராஜேந்திர சோழனும் உண்டு. 1983 என்றால் அது 200 ரகமாகத்தான் இருக்க வேண்டும்: மாடி குட்டை, இறக்கை நுனி மடங்காது. மாடி நீண்டு நுனி மடங்காமல் இருந்தால் 300, மாடியும் நீண்டு நுனியும் மேல்நோக்கி மடங்கினால் 400. இவை இரண்டும் பிற்பாடு வந்தவை. 'பேரரசர் அசோகர்' விமானத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். 1978 ஜனவரி 1-ம் தேதி இரவே அது பம்பாய்க் கடலில் விழுந்துவிட்டது.

அந்த நிறுவனத்தின் கடைசி ஜம்போக்களில் ஒன்று 2024 ஏப்ரல் 22-ம் தேதி மும்பையிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டபோது, விமானி இறக்கையை இரு பக்கமும் சாய்த்துவிட்டுப் போனார். பெரிய விழா என்று எதுவுமில்லை.

டிக்கெட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள். சூடு பட்டால் கார்பன் எழுத்து பரவும், பிறகு பிரிக்கவும் முடியாது. ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் வெள்ளைத் தாள் வைத்து, பாலியெஸ்டர் உறையில் போட்டு, பீரோவில் படுக்க வையுங்கள். பக்கத்தில் நாப்தலீன் உருண்டை வேண்டாம், அது பிளாஸ்டிக்கை இளக்கும். இப்போதைய போர்டிங் பாஸ் பெரும்பாலும் சூட்டில் எழுத்து வரும் தாள். இரண்டு மூன்று வருஷத்தில் வெளுத்துவிடும். வாங்கின அன்றைக்கே படம் எடுத்து வைப்பதுதான் வழி.

ஓடுற விமானத்தை எதுக்கு ஓரங்கட்டணும்? – வாசகி, கல்லிடைக்குறிச்சி

பழைய பஸ்ஸை எஃப்.சி.க்கு விடும் கதைதான், செலவு மட்டும் கோடிகளில். ஆறிலிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவை 'டி செக்' வரும். உள் அலங்காரம், இருக்கை, தளம் எல்லாவற்றையும் கழற்றி எலும்புக்கூடு வரை பார்க்கும் சோதனை அது. அந்தச் செலவுத் தாள் மேசைக்கு வரும்போதுதான் பல விமானங்களின் ஓய்வு தேதி முடிவாகிறது. அடுத்தது எரிபொருள். 747-400 மணிக்குச் சுமார் 10 டன்னுக்கு மேல் குடிக்கும். இரண்டே எஞ்சினில் ஏறத்தாழ அதே கூட்டத்தைச் சுமக்கும் போயிங் 777-300 இஆர் விமானத்துக்கு 8 டன்னுக்குள் போதும்.

உலோகச் சோர்வு என்று ஒன்றும் உண்டு. ஒவ்வொரு பறப்பிலும் உடம்பு காற்றழுத்தத்தில் உப்பி மறுபடி அடங்கும். மணிக்கணக்கைவிட இந்த எண்ணிக்கைதான் குட்டைத் தூரம் ஓடும் விமானத்தைக் கிழமாக்கும். 1988 ஏப்ரல் 28-ம் தேதி ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் 737 ஒன்றின் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. அது 89,680 தடவை பறந்திருந்தது, கடல் உப்புக் காற்று வேறு.

மொத்தம் 1,574 ஜம்போ கட்டினார்கள். கடைசி ஒன்று 2023 ஜனவரி 31-ம் தேதி அட்லஸ் ஏர் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குப் போனது. அது சரக்கு விமானம், ஆகவே ஜம்போ முற்றாக மறைந்துவிட்டது என்று இப்போதே எழுத வேண்டாம்.

இருபுறமும் தண்ணீரைப் பீய்ச்சி வளைவு அமைக்கிறார்களே, அதற்கு என்னென்ன வேண்டும்? வாகைக்குளத்தில் சாத்தியமா? – வாசகர், பாளையங்கோட்டை

இரண்டு தீயணைப்பு வண்டி, தண்ணீர், காற்றடங்கிய பத்து நிமிஷம். இந்த மூன்றில் நம் பக்கம் கிடைக்காதது கடைசிதான்.

எத்தனை வண்டி நிற்க வேண்டும் என்பது விமானத்தின் நீளத்தைப் பொறுத்தது. 27 மீட்டர் நீளமுள்ள ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம் வரும் நிலையத்துக்கு, உலக விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதிப்படி தீயணைப்பு வகை 5. அதற்குக் குறைந்தது ஒரு வண்டி, 5,400 லிட்டர் தண்ணீர். ஏர்பஸ் ஏ320 என்றால் வகை 6, ஏ321 என்றால் வகை 7. இரண்டுக்கும் இரண்டு வண்டி, தண்ணீர் முறையே 7,900 லிட்டர், 12,100 லிட்டர். ஓடுதளம் 1,350 மீட்டராக இருந்து ஏடிஆர் மாதிரி சின்ன விமானங்கள் மட்டும் வந்த காலத்தில் வளைவு என்பது ஆடம்பரம். இப்போது ஓடுதளம் 3,115 மீட்டர். பெரிய விமானத்துக்கான வண்டிகள் நிற்கும் இடத்தில் வளைவும் முடியும்.

பெரிய வண்டியின் கூரைமேல் இருக்கும் பீரங்கிக் குழாய் நிமிஷத்துக்கு 6,000 லிட்டர் வரை தள்ளும். விமானம் வளைவைக் கடக்க அரை நிமிஷம் என்றாலும் இரண்டு வண்டியும் சேர்ந்து 6,000 லிட்டர். நம்மூர்த் தண்ணீர் லாரியில் பாதி. அவ்வளவும் விதிப்படி தொட்டியில் இருக்க வேண்டிய தண்ணீர். மறுபடி நிரப்பும்வரை நிலையத்தின் தீயணைப்பு வகை இறங்கிவிடும், அடுத்த விமானத்தை இறக்குவது சிக்கலாகும். அதனால்தான் இரு பறப்புகளுக்கு நடுவே நல்ல இடைவெளி பார்த்து, நிரப்பும் குழாயைத் தயாராக வைத்த பிறகு மட்டுமே இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது மேற்கு வண்டியின் தண்ணீர் கிழக்கு வண்டியின் கண்ணாடியில்தான் விழும். அந்த மாதங்களில் விடிகாலை வேளை பரவாயில்லை. இரண்டாவது குறி. தண்ணீர்த் தாரை விமானத்தின் மேல் நேராகப் படக்கூடாது. உயரத் தூக்கி அடித்து, உச்சியில் உடைந்து தூறலாக விழ வேண்டும். மூன்றாவது நுரை. அதே குழாயில்தான் நுரையும் வரும். ஒரு விசை மாறினால் மரியாதை போய் விமானத்தைக் கழுவும் வேலை வந்து சேரும். புறப்படும் முன் வெறும் தண்ணீரில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

உள்ளே இருந்து படம் எடுப்பவர்களுக்கு: தண்ணீர் விழுவதற்கு முன்பே வெளியே தொலைவில் ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் போன் ஜன்னலில் ஓடும் சொட்டைத்தான் கூர்மையாகக் காட்டும். சித்திரை வெயிலில் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊருக்குப் பக்கத்தில் இந்த வளைவு தேவையா என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். எங்களுக்கும் அந்தக் கூச்சம் உண்டு.

விமானிகள் தங்கள் பங்குக்கு என்ன செய்வார்கள்? – வாசகர், அம்பாசமுத்திரம்

பறப்பு எண்ணில் விளையாடுவார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2019 செப்டம்பர் 4-ம் தேதி எம்டி-80 ரகத்தை அனுப்பியபோது பறப்பு எண் 80. டெல்டா 2020 ஜூன் 2-ம் தேதி எம்டி-88, எம்டி-90 இரண்டையும் நிறுத்தியது. எண்கள் 88, 90. ஆஸ்திரேலியாவின் குவாண்டஸ் 2020 ஜூலை 22-ம் தேதி தன் கடைசி ஜம்போவுக்கு 7474 என்று எண் கொடுத்தது. அது சிட்னியிலிருந்து கிளம்பி, கடல்மேல் வளைந்து வளைந்து பறந்து, ரேடார் வரைபடத்தில் ஒரு கங்காருவை வரைந்துவிட்டுப் போனது. கோலம் போடுவதற்குப் புள்ளி வைப்பது மாதிரி, திரும்ப வேண்டிய இடங்களை முன்கூட்டியே கணினியில் புள்ளி புள்ளியாக ஏற்றி வைக்க வேண்டிய வேலை அது.

இறக்கை அசைப்பது எல்லோரும் கேட்பது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். 15 டிகிரி சாய்த்தாலே தரையில் நிற்பவருக்குத் தெளிவாகத் தெரியும். 747-400-ல் 35 டிகிரியைத் தாண்டினால் 'பேங்க் ஆங்கிள்' என்று விமானமே குரல் கொடுக்கும். அந்தக் குரலைக் கேட்கிற அளவுக்குப் பாசம் காட்ட வேண்டியதில்லை.

வெளியே தெரியாத ஒன்று: கடைசிப் பறப்பு யாருக்கு என்பதில் பெரிய போட்டி இருக்கும், பெரும்பாலும் மூப்புப்படி போகும். பயணிகளோடு பறக்கும் விமானி முந்தைய 90 நாளில் அந்த ரகத்தில் மூன்று புறப்பாடு, மூன்று தரையிறக்கம் செய்திருக்க வேண்டும். ரகமே போய்விட்டால் அந்தக் கணக்கு முடங்கும். அடுத்த ரகத்துக்கு வகுப்பு, சிமுலேட்டர், வழித்தடச் சோதனை என்று முதலிலிருந்து வர வேண்டும். ஓய்வு வயதை நெருங்கியவர்கள் சிலர் அதற்குப் பதிலாக விமானத்தோடேயே இறங்கிவிடுவார்கள். பழைய ஜம்போவில் மூன்றாவது ஆளாக ஃபிளைட் இன்ஜினியர் இருந்தார். 400 ரகத்தில் இரண்டே பேர். ஃபிளைட் இன்ஜினியர்களுக்கு மாறிக்கொள்ள வேறு இருக்கையே இல்லாமல் போயிற்று.

ஏடிஆர் விமானங்களும் ஒருநாள் நம் பக்கம் நின்றுபோகும். அதற்குள் ஒரு தடவை போய்வர ஆசை. எந்த இருக்கை? காத்தாடியை (புரொப்பெல்லரை) எப்படிப் படம் எடுப்பது? – வாசகி, தென்காசி

ஏடிஆரில் இறக்கை தலைக்குமேல், ஆகவே எந்த ஜன்னலிலும் தரை தெரியும். ஏறுவது பின்கதவு வழியாக. முன்பக்கம் சரக்கு அறை. காத்தாடி வேண்டுமென்றால் அதன் கோட்டுக்கு இரண்டு மூன்று வரிசை பின்னால் கேளுங்கள். முன்வரிசைகளில் சத்தமும் அதிர்வும் அதிகம். சென்னைக்குக் காலையில் போனால் இடது பக்கம்: வெயில் முதுகுக்குப் பின்னால், மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்கு முன்னால். வலது பக்கம் கடல். ஆனால் காலைச் சூரியன் கண்ணாடியில் அடித்து எல்லாம் வெள்ளையாகிவிடும்.

போனில் எடுத்தால் காத்தாடி வாழை இலை மாதிரி வளைந்து தெரிவது, படத்தை வரி வரியாகப் பதிவதால். பறக்கும்போது ஏடிஆர் 72-ன் காத்தாடி நிமிஷத்துக்குச் சுமார் 984 சுற்று, அதாவது நொடிக்கு 5,900 டிகிரி. ஷட்டர் 1/1000 வைத்தால் 6 டிகிரிதான் நகரும். காத்தாடி செத்துப்போன மாதிரி நிற்கும். 1/125 வைத்தால் 47 டிகிரி. ஆறு இதழ் என்பதால் இரு இதழ்களுக்கு நடுவே 60 டிகிரி. அதை ஏறக்குறைய நிரப்பும் அழகான மங்கல் கிடைக்கும். பகல் வெளிச்சத்தில் 1/125 வைக்க, லென்ஸ் முன்னால் இருண்ட கண்ணாடி ஒன்று தேவைப்படும். அது இல்லையென்றால் கறுப்புக் கண்ணாடியைப் போனுக்கு முன்னால் பிடியுங்கள், பாதி வேலை நடக்கும்.

பயணிகள் கேபினில் படம் எடுக்க 2004-லேயே இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அனுமதித்துவிட்டது. ஆனால் கூட்டமாக எழுந்து நடைபாதையை அடைத்தால் கதை வேறு. பாதுகாப்பைக் கெடுக்கும்படி படம் எடுக்க விட்டால் அந்த வழித்தடத்தில் அந்தப் பறப்பையே இரண்டு வாரம் நிறுத்துவோம் என்று 2020 செப்டம்பரில் உத்தரவு வந்தது. கடைசிப் பறப்புகளில்தான் இந்த ஆபத்து அதிகம்.

ஞாபகத்துக்கு லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளலாமா? – வாசகர், வள்ளியூர்

கூடாது, அது திருட்டு. இருக்கைப் பையில் இருக்கும் பாதுகாப்பு அட்டையும் அப்படியே; ஒன்று குறைந்தால் அடுத்த பறப்பு அதற்காகக் காத்திருக்கும். எல்லோரும் இறங்கின பிறகு, எஞ்சின் நின்ற பிறகு, கேப்டனிடம் போர்டிங் பாஸில் கையெழுத்து கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். விமானத் தோலை வெட்டிச் செய்த சாவிக்கொத்து வாங்கினால், எந்தப் பதிவெண்ணிலிருந்து வெட்டியது என்று அதில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

சுற்றுச்சுவர் பக்கம் நின்று பார்க்கலாமா? – வாசகர், செய்துங்கநல்லூர்

ரோட்டோரமாகப் பார்க்கலாம். சுவர்மேல் ஏறக்கூடாது. சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் டிரோன் கூடாது, பட்டமும் வேண்டாம். கொண்டுபோன பிரியாணிப் பொட்டலத்தின் எலும்பை அங்கே போட்டுவிட்டு வராதீர்கள். பருந்து வரும், ஏடிஆர் மூக்குக்கும் பருந்துக்கும் ஒத்துவராது.

விமானிகளுக்கு முதலூர் மஸ்கோத் அல்வா கொடுக்க ஆசை. வாங்குவார்களா? – வாசகி, சாத்தான்குளம்

கடையில் ஒட்டின பெட்டியாக இருக்கட்டும். பறக்கும்போது நீட்டாதீர்கள், இறங்கின பிறகு பணிப்பெண்ணிடம் கொடுத்தனுப்புங்கள். கேப்டனும் துணை விமானியும் பறக்கும்போது ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவதில்லை. ஒன்று கெட்டுப்போனாலும் மற்றவர் ஓட்ட வேண்டுமே என்றுதான். அதனால் மேலே கொடுத்தால் ஒருவர் சாப்பிட, மற்றவர் பார்த்துக்கொண்டு இருப்பார்.